உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யில் சேரலாமா?

கேள்வி: சார், நான் குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. தம்பி பிளஸ் டூ. அண்டவியல் (பிரபஞ்சம் முழுவதையும் பற்றிய இயற்பியல்) கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை ஒரு தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்தவர்களே வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாமா பி.எட். படிக்கச் சொல்கிறார். பக்கத்துக் கல்லூரியில் ஒரு சார் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். உதவித்தொகை கிடையாது, கட்டணமும் நாங்கள்தான் கட்ட வேண்டும். இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சேரவா? இவ்வளவு போட்டியில் எங்களைப் போன்றவர்கள் இதற்கு ஆசைப்படுவது தப்பா?

பதில்:

மக்ளே, எனக்கு உன் அப்பா வயது இருக்கும் என்பதால் நம்மூர் வழக்கப்படியே கூப்பிடுகிறேன்.

கடைசியாகக் கேட்டிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில். தப்பே இல்லை. தக்கலை சந்தையில் வாழைக்குலை யாவாரம் பார்த்தவருடைய மகன் நான். பிஎச்.டி. நேர்காணலுக்கு ரயிலில் போகும்போது 'நமக்கெல்லாம் இது தேவையா' என்ற வெப்ராளம்தான் வழி முழுக்க. உள்ளே போய் உட்கார்ந்தபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விக்கே நாக்கு குழறியது. அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. பாடம் தெரியாமல் போனதல்ல அது. 'நமக்கெல்லாம் இது தேவையா' என்பதைக் கூடவே தூக்கிக்கொண்டு போனதால் வந்தது. நீ அதை இங்கேயே இறக்கி வைத்துவிடு.

அவசரமானது அந்தப் பக்கத்துக் கல்லூரி விஷயம். சேராதே. அந்த சாரிடம் மரியாதையாக, இந்த வாரமே சொல்லிவிடு.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவர் எதில் ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நீயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐந்து வருஷம் ஒருவரிடம் வேலை பார்க்கப் போகிறவள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அண்டவியல் வேண்டும் என்கிற பிள்ளை, படிகம் வளர்க்கிற ஒருவரிடம் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் நிறையப் பார்த்தாயிற்று. கரைசலில் படிகம் வளர்ப்பார்கள். எக்ஸ்ரே எடுக்க, சாம்பிளுக்கு இவ்வளவு என்று வேறு ஊரில் காசு கட்டுவார்கள். வந்த வரைபடத்தை ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற இதழ் ஒன்றில் கட்டுரை போடுவார்கள். ஆறு வருஷத்தில் பட்டம் வரும். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்டு சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கப் போவார்கள். அங்கே பலர் வாங்குகிற சம்பளம், வேறிடத்தில் நெட்டில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குகிற மாணவிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

ஜே.ஆர்.எஃப். இப்போது மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற தொகை. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. ஆராய்ச்சி மாணவி என்பவள் ஆய்வகத்தில் உழைக்கிற ஆள். உழைக்கிறவளுக்குக் கூலி உண்டு. உன் அப்பா அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, கூலிக்குப் பதில் தோட்டக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வருவாரா? பின்னே நீ மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

கல்லூரி வேலைக்காகத்தான் பிஎச்.டி. என்றால் அதற்கும் அந்த இடம் தேவையில்லை. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது மாநில செட் தேர்ச்சி என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., திருத்தி அறிவித்தது. அந்தத் தேர்வில் செலவழிக்கிற ஒரு வருஷம், கட்டணம் கட்டிப் படிக்கிற ஆறு வருஷத்தைவிட உனக்கு அதிகம் தரும்.

இனி போட்டிக்கு வருகிறேன். 'போட்டி அதிகம், அறிவாளிகளுக்குத்தான் கிடைக்கும்' என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் முதல் பாதி மட்டும்தான் உண்மை. கணக்கைப் பார். ஒரு நல்ல நிறுவனத்தில் ஒரு பேராசிரியர் 30 வருஷம் வேலை செய்கிறார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு மாணவர் பிஎச்.டி. முடித்தால், ஓய்வு பெறுவதற்குள் பத்துப் பதினைந்து பேரை உருவாக்கிவிடுவார். அவர் எழுந்து போகும்போது காலியாகிற நாற்காலி ஒன்று. மற்றவர்கள் வேறு எங்கோதான் போயாக வேண்டும். அவர்களுக்கு அறிவு குறைவு என்று அர்த்தமே இல்லை. உலகம் முழுக்க இதே கணக்குதான்.

இங்கே நடுவில் கொஞ்ச காலம் கதவு அகலமாகத் திறந்தது. 2006-இல் புணேயிலும் கொல்கத்தாவிலும் ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கி, 2008-இல் நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. அதே 2008-இலிருந்து புதிய ஐ.ஐ.டி.களும் வந்தன. அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அவர்கள் ஓய்வு பெற இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நீ கேள்விப்படுகிற 'ஐ.ஐ.டி. பிஎச்.டி.க்கே வேலை இல்லை' என்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

பாதை எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஎச்.டி. ஐந்தாறு வருஷம். பிறகு போஸ்ட் டாக் என்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை, இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம், பெரும்பாலும் இரண்டு இடங்களில், அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டில். அதன்பிறகுதான் விண்ணப்பங்கள். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது வயது 37. அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் 19 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். ஓரிடத்தில் நேர்காணல் நன்றாகப் போனது. வெளியே வந்ததும் ஒருவர் தோளில் கை போட்டு, "நிர்வாகத்தில் ஒருதரம் போய்ப் பாத்திருங்க, எவ்வளவு முடியும்ணு மட்டும் சொல்லுங்க" என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்தார், பற்ற வைக்காமலே திரும்ப வைத்தார். அந்த வேலைக்கு நான் போகவில்லை. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த வழியில் இப்படி ஒரு இடமும் வரும், வரும்போது கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்குக் கையில் வேறு பிழைப்பு ஒன்று இருக்க வேண்டும். அதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே என் யோசனை ஒன்றுதான். பிஎச்.டி.யைப் பேராசிரியர் வேலைக்கு வாங்குகிற டிக்கெட்டாக நினைக்காதே. ஐந்து வருஷத்துக்குச் சம்பளம் தருகிற, முடியும்போது கையில் ஒரு தொழிலோடு வெளியே வருகிற ஒரு வேலையாக நினை. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் தயங்காமல் போ. பேராசிரியர் நாற்காலி பிறகு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அந்த ஐந்து வருஷம் வீணாகியிருக்காது.

அப்படிப் பார்க்கும்போதுதான் உன் 'அண்டவியல் கோட்பாடு' எனக்கு உறுத்துகிறது. நன்றாக யோசித்துப் பார்த்துச் சொல், உன்னை இழுப்பது அந்தக் கணக்கா, அந்தப் பெயரா? கோட்பாட்டுத் துறையில் இடங்கள் மிகக் குறைவு, வருகிறவர்கள் மிக அதிகம். எம்.எஸ்சி.யில் சார்பியல் பாடம் இரண்டு வாரத்தில் முடித்துவிட்ட கல்லூரியிலிருந்து வருகிறவள், பிளஸ் டூ முடித்ததுமே அதில் இறங்கியவர்களோடு நிற்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கணினியில் வேலை செய்யத் தெரிந்திருந்தால்தான் எடுபடும். பைத்தான் தெரியாது என்றால் இன்றைக்கே ஆரம்பி. இன்று அண்டவியலில் பெரும்பகுதி தரவோடு மல்லுக்கட்டுவதுதான்.

ஒரு சோதனை வைத்துப் பார். நாளைக்கு விடியுமுன் அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகும்போது கூடப் போ. ஏன் அந்த நேரத்தில் வெட்டுகிறார் என்று கேள். 'வெயில் ஏறினா பால் குறையும்' என்பார். சரி, ஏன் குறைகிறது? ராத்திரி முழுக்க இலை வழியே நீர் ஆவியாவது குறைவு, மரத்தின் உடம்பில் நீர் நிரம்புகிறது, பால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறுகிறது. விடியுமுன் அது பத்து வளிமண்டலம் அளவுக்குப் போகும். கார் டயரில் அடைக்கிற காற்றைப் போல நாலைந்து மடங்கு. கத்தி பட்டதும் அந்த அழுத்தம்தான் பாலைச் சிரட்டைக்குள் தள்ளுகிறது. குழாய் எவ்வளவு நுண்ணியது, பால் எவ்வளவு பிசுபிசுப்பு, ஒழுக்கு எவ்வளவு நேரத்தில் நிற்கும், ஒரு தாளில் கணக்குப் போட முடியுமா? குழாயின் ஆரம் பாதியானால் ஒழுக்கு பதினாறில் ஒரு பங்காகும் என்பது நீ பி.எஸ்சி.யில் படித்ததுதான். இதில் உனக்கு நேரம் போவது தெரியவில்லை என்றால் உனக்குப் பிடித்தது இயற்பியல். 'இது அண்டவியல் இல்லையே' என்று சலிப்பு வந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கூட்டம் குறைவான, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற துறை ஒன்றை உனக்குக் காட்டத் தோன்றுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அதனால் பகலில் நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், அயனமண்டலம் என்கிற மின்னேற்றம் உள்ள காற்றடுக்கில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதைப் படிக்க வேண்டும் என்றுதான் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. இன்றும் திருநெல்வேலி பக்கம் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. உலகத்தில் வேறு பலர் கப்பலேறி வந்து பார்க்க வேண்டிய ஒன்று உன் வீட்டுக் கூரைக்கு மேலேயே நடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்கிற கனிமமும் அதிலுள்ள கதிரியக்கத் தோரியமும் அப்படித்தான். இந்தத் துறைகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலருக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த செய்தி மட்டும்தான்.

சோதனை இயற்பியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மென்படலக்காரன், அதாவது வெற்றிடத்தில் மிக மெல்லிய பூச்சுகளை உருவாக்கிப் படிப்பவன். பிஎச்.டி. இரண்டாம் வருஷம் என் வெற்றிட அறையில் அழுத்தம் இறங்கவே மாட்டேன் என்றது. 10⁻⁶ மில்லிபார் வேண்டும், 10⁻⁴-க்குக் கீழே போகவில்லை. மூன்று வாரம். கசிவைத் தேடி ஒவ்வொரு இணைப்பிலும் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கேஜின் முள் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேல் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவியபோது, குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. என்னுடையதுதான். அதை எடுத்துவிட்டு மூடினேன், சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்கு நான் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் பிறகு ஒரு சிப் தயாரிக்கிற நிறுவனம் எனக்கு வேலை தர முன்வந்தது அந்த மாதிரி அனுபவத்துக்காகத்தான். கையில் வேறு பிழைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்றேனே, எனக்கு அது இதுதான்.

தேர்வு விஷயம். நெட்டை மட்டும் நம்பி உட்காராதே. ஆராய்ச்சிச் சேர்க்கைக்கு வேறு நுழைவுத் தேர்வுகளும் உண்டு: டிசம்பரை ஒட்டி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) தேர்வு, பிப்ரவரியில் கேட், அதை ஒட்டி ஜெஸ்ட். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூர் வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனம், வானியலுக்கான புணே ஐயூகா மையம் எல்லாம் ஜெஸ்டைப் பார்க்கின்றன. உன் அண்டவியலுக்கும் இவைதான் வாசல். நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் சி பகுதிக்கு மட்டும் 100. அங்கே 30 கேள்வியில் 20 எழுதினால் போதும், தப்பானால் கழிப்பார்கள். நம் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு சி பகுதியில் கைவைக்க முடியாமல் திரும்புகிறார்கள். குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல், கணித முறைகள், இந்த நான்கையும் அடிவரை தோண்டு. பழைய வினாத்தாளை விடையைப் பார்க்காமல் எழுது. ஒரு கணக்கோடு இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டிருப்பது வீண் இல்லை. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு பிரிவையும் நெட்டில் வைத்திருக்கிறார்கள், ஜே.ஆர்.எஃப். தவறினாலும் அது கைகொடுக்கும். ஆனால் உதவித்தொகை எங்கிருந்து வரும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிவிட்டுச் சேர்.

கைடைத் தேர்ந்தெடுப்பதில்தான் வாழ்க்கையே இருக்கிறது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில்' என்று இருநூறு பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பாதே. எனக்கே வாரம் பத்து வருகிறது, திறப்பதில்லை. ஐந்து பேரைப் பொறுக்கி எடு. அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படி. புரிந்த வரைக்கும் நான்கு வரி, புரியாத இடம் எது என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வரும். சேருவதற்கு முன் அவரிடம் படித்த மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசு. எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் உண்டா, இப்போது என்ன செய்கிறார்கள், பெண் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வார். கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் ஒரு பெண்ணிடமே கேள்.

மாமாவிடம் சண்டை போடாதே. அவர் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். பி.எட். இரண்டு வருஷம். அது எங்கும் ஓடிப் போகாது. 'நம்ம ஊர்க்காரர் சிவன் இஸ்ரோ தலைவராகவில்லையா, அவரெல்லாம் இப்படி வருஷக்கணக்கில் படித்துக்கொண்டா இருந்தார்' என்று யாராவது கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. சிவன் 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார், பிஎச்.டி. வாங்கியது 2006-இல். இப்போதைய தலைவர் நாராயணனும் நம் மாவட்டம்தான். 1984-இல் சேர்ந்தார், பிஎச்.டி. 2001-இல். முதலில் வேலை, பிறகு பட்டம் என்பதும் ஒரு வழி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போடு. ஒரு வருஷப் பயிற்சி, உதவித்தொகை உண்டு, முடித்தால் விஞ்ஞானி வேலை. மருத்துவ இயற்பியலும் இருக்கிறது. எம்.எஸ்சி.க்கு மேல் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ முடித்தால் புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுகிற வேலை. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை. நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள இயற்பியல் அது.

காலக்கெடு வைத்துக்கொள். எம்.எஸ்சி. முடிந்து ஒன்றரை வருஷம், அதாவது நெட் மூன்று தடவை, மற்ற தேர்வுகள் ஒரு சுற்று. அதற்குள் உதவித்தொகையோடு இடம் கிடைக்காவிட்டால் வேறு வழிக்குப் போ. இதை இப்போதே அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசு. தம்பி படிப்புச் செலவு வருகிறது, உன் கல்யாணப் பேச்சும் வரும். வீட்டில் 'எப்போ முடியும்' என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஒரு தேதி சொன்னால் அந்தத் தேதி வரை தாங்குவார்கள். பெண் பிள்ளைக்குப் பிஎச்.டி. ஆகாது, நடுவில் குழந்தை வந்தால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால், 240 நாள் மகப்பேறு விடுப்பும் படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருஷமும் யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது என்று சொல்.

என்னிடம் குவாண்டம், மின்காந்தவியல், கணித முறைகள் மூன்றுக்கும் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்குகளோடு. இந்தப் பகுதிக்கு எழுதியது போலவே இன்னொரு கடிதம் எழுதி, அதில் ரப்பர் பால் கணக்கையும் போட்டு அனுப்பு. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்காமல் அனுப்பு. புத்தகங்களை உன் கல்லூரி நூலகத்தில் உன் பெயருக்குக் கொடுத்து வைக்கிறேன்.